விட்ட இடம்

நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி வருவதற்குள், அவருடைய மகள் மாடியில் படம் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. ஓவியக் கல்லூரியில் படிக்கிற பெண். ஏறிப்போய்க் கதவோரம் நின்றேன்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி முழுவதும் வர்ணம் அப்பியிருந்தது. சிவப்பு, கடுகு மஞ்சள், கிளிப்பச்சை, ஊதா எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, வழிந்து கிடந்தன. இன்ன உருவம் என்று சொல்ல எதுவும் இல்லை. அந்தப் பெண் ஒரு பழைய பீங்கான் தட்டில் சாம்பல் பூத்த நீலத்தைக் குழைத்தாள். அகலமான தூரிகையை அதில் தோய்த்துப் படத்தின் ஓரத்திலிருந்து பூசிக்கொண்டே வந்தாள். இருக்கிற வர்ணத்தை எல்லாம் பாழாக்குகிறாளே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. பத்து நிமிஷம் போயிருக்கும். அந்த நீலத்துக்கு நடுவே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்! ஒருத்தியின் தலை மற்றவள் தோளில் சாய்ந்திருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை. ஆனாலும் ஒருத்தி எதையோ சொல்லி முடித்துவிட்டாள், மற்றவள் கேட்டு முடித்துவிட்டாள் என்பது தெரிந்தது. அவர்கள் உடம்பெல்லாம் அந்தப் பழைய சிவப்பும் மஞ்சளும் பச்சையும்தான்.

“என்னம்மா இது? நீ அவர்களை வரையவே இல்லையே?” என்றேன்.

“ஆமாம் மாமா. சுத்தி இருக்கிறதைத்தான் வரைஞ்சேன். அவங்க மிச்சம்” என்றாள்.

வலது மூலையில் ஒரு சிவப்புத் திட்டு இருந்தது. அதன் மேல் மஞ்சள் வழிந்து, அந்தி வானம் போல் தற்செயலாக அமைந்துவிட்ட இடம். படத்திலேயே அழகான இடம் அதுதான். அந்தப் பெண் அதைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு தூரிகையை எடுத்து அதன் மேலும் நீலத்தைப் பூசிவிட்டாள். நான் “ஐயோ!” என்று சொல்லிவிட்டேன்.

“அது இருந்தா இவங்க தெரியமாட்டாங்க, மாமா.”

காப்பி ஆறிப்போயிற்று என்று கீழேயிருந்து குரல் வந்தது. இறங்கிவிட்டேன். ஆனால் அந்தப் பெண் சொன்ன இரண்டு வார்த்தைகளும் பல நாள் என்னை விடவில்லை. உருவத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள இடத்தை வரைகிற வித்தைக்குச் சித்திரக்காரர்கள் ‘நெகடிவ் ஸ்பேஸ்’ என்று பெயர் சொல்கிறார்கள். நாம் வெற்றிடம் என்று வைத்துக்கொள்ளலாம். இது நேற்று முளைத்த நாகரிகம் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் பார்த்தால், மனிதன் போட்ட மிகப் பழைய சித்திரங்களிலேயே இது இருக்கிறது.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் மாரோஸ் என்ற பகுதியில் சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களில் மனிதக் கைகள் தெரிகின்றன. அவை வரைந்த கைகள் அல்ல. கையைப் பாறையில் விரித்து வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிக் காவிக் குழம்பைத் தூவியிருக்கிறார்கள். கையை எடுத்ததும், கை இருந்த இடம் மட்டும் வெறும் பாறையாக நின்றுவிட்டது. 2014-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அங்குள்ள ஒரு கைத்தடத்தின் வயது குறைந்தது 39,900 ஆண்டு என்று கணக்கிட்டது. வேறு சில கைத்தடங்களுக்கு இதைவிட அதிக வயதும் பின்னர் சொல்லியிருக்கிறார்கள். பிரான்ஸில் கார்காஸ் குகையில் இப்படிப்பட்ட கைகள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. பலவற்றில் விரல்கள் குறைகின்றன. தென் அமெரிக்காவில், அர்ஜென்டீனாவில் ஒரு குகைக்குக் கைகளின் குகை என்றே பெயர். அங்கே பெரும்பாலும் இடக்கைகள். வலக்கை வர்ணம் ஊதுகிற குழலைப் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள்.

நம் வீடுகளில் ஒரு விஷயம் பார்த்திருப்பீர்கள். கூடத்தில் வெகு காலம் மாட்டியிருந்த தாத்தாவின் படத்தை ஒருநாள் கழற்றுகிறோம். சுவரெல்லாம் புகையேறிப் பழுத்திருக்க, படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுப்பாக நிற்கும். படம் மாட்டியிருந்தவரையில் அந்தப் பக்கம் நாம் தலை நிமிர்த்திப் பார்த்திருக்க மாட்டோம். கழற்றிய பிறகு போகும்போதும் வரும்போதும் அந்த இடம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். குகைக் கைகளின் முன்னால் நிற்கிறவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் போலும். காவி எதுவும் கையைத் தொட்டு வரையவில்லை. இங்கே ஒரு கை இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் அது சொல்கிறது. அதுவே போதுமாக இருக்கிறது.

குகை மனிதனுக்கு இது எளிதாகக் கிடைத்த வழி. கையே அச்சாக இருந்தது. தெரிந்தே, திட்டமிட்டே இதைக் கைக்கொண்டவர்கள் ஆதென்ஸ் நகரத்துக் குயவர்கள். கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் அவர்களுடைய ஜாடிகளில் மனிதர்கள் கறுப்பு. பின்னணி செம்மண் நிறம். கறுப்பு உருவத்தின் மேல் கூரான கருவியால் கீறிக் கண்ணும் தாடியும் ஆடை மடிப்பும் காட்டினார்கள். கி.மு. 530-க்கும் 520-க்கும் இடையில் யாரோ ஒருவர் இதைத் தலைகீழாகத் திருப்பினார். உருவத்தை மண் நிறத்திலேயே விட்டுவிட்டுச் சுற்றிலும் கறுப்பைப் பூசினார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆண்டோகிடிஸ் என்ற குயவருக்கு வேலை செய்தவர் என்பதால் ஆண்டோகிடிஸ் ஓவியர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

மியூனிக் நகரத்துக் காட்சிசாலையில் ஒரு ஜாடி இருக்கிறது. இரண்டு பக்கத்திலும் ஒரே காட்சி: வீரன் ஹெரக்ளீஸ் விருந்து மஞ்சத்தில் சாய்ந்திருக்கிறான், எதிரே அதீனா தேவி நிற்கிறாள். ஒரு பக்கம் பழைய முறை, மறு பக்கம் புதிய முறை. ஜாடியைச் சுற்றி வந்தால் ஒரு யுகம் முடிந்து மற்றொன்று தொடங்குவதைப் பார்த்துவிடலாம். கறுப்புப் பக்கத்தில் ஹெரக்ளீஸ் நிழலாகப் படுத்திருக்கிறான். மறு பக்கத்தில் அதே ஆளுக்குச் சதை வந்துவிட்டது. கீறுவதற்குப் பதில் இப்போது தூரிகையால் உள்கோடு போடலாம். கோடு மெல்லியதாகலாம், வளையலாம், மங்கலாம். அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே யூஃப்ரோனியஸ் போன்றவர்கள் சாகிற வீரனின் வயிற்றுத் தசையையும் கண் இமையையும் காட்டிவிட்டார்கள்.

இதில் குயவனின் தைரியத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கறுப்பு, மை அல்ல. மிக நுண்ணியதாக வடித்தெடுத்த அதே களிமண்தான். பூசும்போது ஜாடிக்கும் பூச்சுக்கும் பெரிய நிற வேறுபாடு தெரியாது. சூளையில் முதலில் காற்றை விடுவார்கள், எல்லாம் சிவக்கும். பிறகு காற்றை அடைத்துப் புகையை நிரப்புவார்கள், எல்லாம் கறுக்கும். மறுபடி காற்றை விட்டால் ஜாடியின் மண் மட்டும் சிவப்புக்குத் திரும்பும். பூச்சு கண்ணாடிபோல் இறுகிவிட்டதால் கறுப்பாகவே நிற்கும். கடைசி நிமிஷம் வரையில் உருவம் நெருப்பின் கையில் இருந்தது. சூளையைத் திறந்த பிறகுதான் விட்ட இடம் எது, பூசிய இடம் எது என்பது தெரியும்.

ஐரோப்பியர்களின் தைலவர்ணக் காலத்தில் இந்த முறை பின்னுக்குப் போயிற்று. முகத்தைத் தீட்ட வேண்டும், ஒளி காட்ட வேண்டும், நிழல் காட்ட வேண்டும் என்ற ஆசையில் பின்னணி வெறும் திரையாகிவிட்டது. எட்கர் ரூபின் என்ற டேனிஷ் மனத்தத்துவ நிபுணர்தான் 1915-ல் ஓர் எளிய படத்தைக் காட்டி இந்த விஷயத்தைப் பேச்சுக்குக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு பூஜாடி. சற்று உற்றுப் பார்த்தால் ஜாடி மறைந்து எதிரெதிரே இரண்டு முகங்கள். பல பத்திரிகைகளில் நீங்களும் பார்த்திருக்கலாம். ஜாடியும் முகமும் ஒரே சமயத்தில் தெரிவதில்லை என்பதுதான் அதன் சூட்சுமம். நடுவிலுள்ள கோடு ஒன்றே. ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக்குத்தான் சொந்தம். எந்தப் பக்கத்துக்குக் கொடுப்பது என்பதைக் கண் தீர்மானித்தாக வேண்டும். சித்திரக்காரன் அந்தத் தீர்மானத்தை முன்கூட்டியே செய்கிறான்.

அந்தத் தீர்மானத்தைத் தன் வாழ்க்கையின் கடைசிக் காரியமாக வைத்துக்கொண்டவர் ஹென்றி மத்தீஸ். 1941 ஜனவரியில் அவருக்குக் குடலில் பெரிய சத்திர சிகிச்சை நடந்தது. எழுபத்தொரு வயது. பிழைத்தார், ஆனால் பழையபடி நின்று வேலை செய்ய முடியவில்லை. படுக்கையும் சக்கர நாற்காலியுமாக வாழ்க்கை சுருங்கியது. அந்த நிலையில் கையில் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டார். உதவிப் பெண்கள் காகிதத்தில் வர்ணம் பூசிக் கொடுப்பார்கள். அவர் அதை வெட்டுவார். சுவரில் எங்கே குத்துவது என்று சொல்வார். அவர்கள் குண்டூசியால் குத்துவார்கள், எடுப்பார்கள், மறுபடி குத்துவார்கள்.

1952-ல் நீல நிர்வாணம் என்று நான்கு உருவங்கள் செய்தார். உட்கார்ந்து, ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்த பெண். உடம்பு ஒரே நீலம். தொடை எங்கே முடிகிறது, கை எங்கே மடிகிறது என்று காட்டக் கோடு இல்லை, நிழல் இல்லை. நீலத் துண்டுகளுக்கு நடுவில் மெல்லிய வெள்ளைச் சந்துகள் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்தச் சந்துகளை எடுத்துவிட்டால் பெண் போய்விடுவாள், நீலக் கட்டி ஒன்று மிஞ்சும். அவர் முதலில் தொடங்கியது நான்காவது என்று எண்ணிட்ட படம். அதற்கு இரண்டு வாரம் பிடித்தது. மற்றவற்றைச் சட்டென்று வெட்டிவிட்டார். இரண்டு வாரமும் அவர் தேடியது நீலத்தை அல்ல, அந்த வெள்ளையை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டுக் கோடையில், நீச்சல்காரர்களைப் பார்க்க வேண்டும் என்று கான் நகரத்தில் தமக்குப் பிடித்த ஒரு குளத்துக்குப் போனார். வெயில் தாங்கவில்லை. வீடு திரும்பினார். எனக்கு நானே ஒரு குளம் செய்துகொள்கிறேன் என்றாராம். நீஸில் அவர் வசித்த ரெஜினா ஹோட்டலில், சாப்பாட்டறைச் சுவரைச் சுற்றி, தலை மட்டத்துக்குச் சற்று மேலே வெள்ளைக் காகிதத்தை நீளப் பட்டையாக ஒட்டச் சொன்னார். அதன் மேல் நீலக் காகிதத்தில் நீந்துகிறவர்களும் பாய்கிறவர்களும் அறையைச் சுற்றி ஓடினார்கள். ஓரிடத்தில் மனித உடல் நீலம், தண்ணீர் வெள்ளை. சற்றுத் தள்ளிப் பார்த்தால் தண்ணீர் நீலமாகிவிடுகிறது. நீந்துகிறவள் வெள்ளை, அதாவது வெட்டாமல் விட்ட இடம். எந்த நிமிஷத்தில் மாறிற்று என்று கண்ணுக்குப் பிடிபடாது. குளத்துக்குள் இறங்க முடியாத எண்பத்திரண்டு வயதுக் கிழவர், உடம்பையும் தண்ணீரையும் இடம் மாற்றி விளையாடுகிறார்! 1954-ல் அவர் காலமானார். நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சிசாலை 1975-ல் அந்தக் குளத்தை வாங்கிற்று.

மத்தீஸுக்குக் கத்திரிக்கோல் உதவியது. அதே காலத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அக்கரையில் ஒருவர் கத்தியை எடுத்தார். அவருக்கு அது நிம்மதி தரவில்லை. ஜாக்ஸன் போலக், துணியைத் தரையில் விரித்து வர்ணத்தைச் சொட்டியும் வீசியும் சிலந்தி வலைபோல் படம் செய்தவர். அந்த வலையில் ஆள் இல்லை, மரம் இல்லை. அதனால்தான் அவருக்குப் புகழ் வந்தது. ஆனால் மனித உருவம் அவரை விடவில்லை. இவ்வளவு அடர்ந்த வலைக்குள் ஓர் ஆளை எப்படிக் கொண்டுவருவது? மேலே வரைந்தால் வலை வெறும் பின்னணியாகிவிடும். 1948 வாக்கில், வர்ணம் சொட்டிய தாள் ஒன்றின் நடுவில் ஓர் ஆளின் வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டார். வெட்டிய ஆளைக் கறுப்புப் பலகையில் ஒட்டி ஒரு படமாக்கினார். ஓட்டை விழுந்த தாள் தனியாக நின்றது. 1949-ல் வேறொரு பலகையில், காய்ந்த வர்ணத்தையே வெட்டிப் பெயர்த்து உருவங்களைத் திறந்தார். வலைக்கு வெளியே என்று அதற்குப் பெயர்.

ஓட்டை விழுந்த அந்தத் தாளுக்குப் பின்னால் எதை வைப்பது? அந்தக் கேள்வி அவர் காலத்தில் தீரவில்லை. 1956 ஆகஸ்டில் மோட்டார் விபத்தில் இறந்துபோனார், நாற்பத்து நான்கு வயதில். அதன் பிறகுதான் அந்தப் படம் இன்றைய வடிவத்தைப் பெற்றது. ஜப்பானில் குராஷிகி நகரத்து ஓஹாரா காட்சிசாலையில் அது இருக்கிறது. 1948–58 என்று ஆண்டு போடுகிறார்கள். போட்டவரின் ஆயுளைத் தாண்டிப் போகிற ஆண்டு! ஓர் ஆளை வெட்டி எடுப்பது ஒரு மணி நேர வேலை. அவன் போன இடத்தில் என்ன தெரிய வேண்டும் என்பதற்கு ஓர் ஆயுள் போதவில்லை.

ஏன் கத்தி? ஏன் கத்திரிக்கோல்? தூரிகையால் செய்யக் கூடாதா என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் தைலவர்ணம் காய நாட்கள் ஆகும். ஈரத்தின் மேல் வேறு வர்ணம் பூசினால் இரண்டும் குழம்பிச் சேறாகும். ஒரு வேகத்தில் அள்ளிப் பூசி, அதே வேகத்தில் மூடி, உருவத்தை வெளியே எடுக்க அது இடம் தராது. அதற்கு ஒரு புதிய வர்ணம் வர வேண்டியிருந்தது.

அதன் கதை ஒரு ரசாயன சாலையில் தொடங்குகிறது. ஆட்டோ ரோம் என்ற ஜெர்மானியர் 1901-ல் அக்ரிலிக் அமிலத்திலிருந்து பிசின் போன்ற பொருள்கள் விளைவதைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி எழுதினார். அந்த வழியில் பிறகு கண்ணாடி போன்ற பலகை வந்தது. வீட்டுச் சுவர்களுக்குப் பூச்சு வந்தது. சித்திரக்காரர்களுக்கென்று முதலில் வந்தது 1947-ல் நியூயார்க்கில் லெனார்ட் போகூரும் ஸாம் கோல்டனும் விற்ற மாக்னா என்ற வர்ணம். அதைத் தண்ணீரில் அல்ல, டர்ப்பன்டைனில் கரைக்க வேண்டும். மாரிஸ் லூயிஸ் என்பவர் வாஷிங்டனில் தம் வீட்டின் சிறிய சாப்பாட்டறையில் இதை வைத்துக்கொண்டு பெரிய பெரிய துணிகளில் வேலை செய்தார். 1960, 61-ம் ஆண்டுகளில் அவர் செய்த ஒரு வரிசையில், இரண்டு ஓரங்களிலும் வர்ண ஓடைகள் சாய்வாக இறங்குகின்றன. நடுவில் பிரும்மாண்டமான வெறுந்துணி. ஓடைகளைப் பார்க்கப் போனவன் அந்த வெறுமையின் முன்னால் நின்றுவிடுகிறான். மறு ஆண்டே அவர் போய்விட்டார். அந்த வரிசையின் பெரும்பகுதியை உலகம் பிறகுதான் பார்த்தது.

தண்ணீரில் கரைகிற அக்ரிலிக், 1950-களின் நடுவில் ஹென்றி லெவிஸன் கொண்டுவந்த லிக்விடெக்ஸ் மூலம் பரவிற்று. அதன் சூட்சுமம் எளிது. தண்ணீரில் பிசினின் நுண்ணிய துளிகள் மிதக்கின்றன. அவற்றோடு வர்ணப் பொடி. தண்ணீர் ஆவியானதும் துளிகள் ஒன்றையொன்று நெருங்கி ஒட்டி, தோல்போல் ஆகிவிடுகின்றன. பிறகு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. கால் மணி நேரத்தில் மேலே வேறு வர்ணம் பூசலாம். கீழே இருப்பது அசையாது. ஈரத்தில் பால் போலிருக்கும் பிசின் காய்ந்தால் தெளிந்துவிடுவதால், வர்ணம் காயும்போது ஒரு படி கறுக்கும். பின்னணிக்குக் கலக்கிறவர்கள் அதற்கும் இடம் விட்டுத்தான் கலக்க வேண்டும். மூடுகிற வர்ணத்தில் டிட்டேனியம் வெள்ளையைச் சேர்த்தால் அடியிலிருப்பது தெரியாமல் அடைத்துவிடும். என் நண்பரின் மகள் தட்டில் குழைத்த சாம்பல் நீலம் அதுதான். முதலில் மனம் போனபடி எல்லா வர்ணத்தையும் வீசலாம். காய்ந்ததும் உட்கார்ந்து பார்க்கலாம். இந்தக் குழப்பத்தில் யார் இருக்கிறார்கள்? இருப்பவர்களை விட்டு மற்றதை மூடலாம். மத்தீஸின் கத்திரிக்கோலும் போலக்கின் கத்தியும் செய்த வேலை, ஒரு மாணவியின் தூரிகைக்கு வந்துவிட்டது.

கருவி எளிதாகிவிட்டது, காரியம் எளிதாகிவிடவில்லை. குயவன் எதைப் பூசுவதென்று தெரிந்துகொண்டு சூளைக்கு அனுப்பினான். இங்கே கையால் போட்டதையே, அதிலும் நன்றாக அமைந்ததையே, கையால் மூட வேண்டும். மூட மனமில்லாதவன் துணியில் எல்லாம் அழகாக இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டான்.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்று கேட்டுக்கொள்கிறேன். என்னுடைய நாவல் ஒன்றில், கணவன் இறந்துபோன செய்தி வந்த இரவு கதாநாயகி அழுததைப் பத்துப் பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. என் எழுத்திலேயே சிறந்த பகுதி என்று நண்பர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். புத்தகம் வந்த பிறகு ஒரு வயதான அம்மாள் கடிதம் எழுதியிருந்தார். பாராட்டு இல்லை, குறையும் இல்லை. ‘அன்றைக்கு அடுப்பை யார் அணைத்தார்கள்? அந்தக் குழந்தைக்கு யார் சோறு போட்டார்கள்?’ என்று கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. எனக்குத் தெரியாது. அவளுடைய கண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் வீட்டை நான் பார்க்கவில்லை. வீடு இல்லாததால் அவளும் இல்லை.

சில மாதம் கழித்து மறுபடி நண்பர் வீட்டுக்குப் போனேன். அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருந்தது. இரண்டு பெண்களும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்த மூலையில் ஒரு சிவப்பு இருந்ததே அம்மா, அதை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு கேட்கவில்லை” என்றேன்.

“எங்கேயும் போகலை மாமா. தொட்டுப் பாருங்க.”

விரலை வைத்துப் பார்த்தேன். நீலத்துக்கு அடியில், அன்று மஞ்சள் வழிந்த தடம் தழும்புபோல் தடித்து விரலில் தட்டுப்பட்டது. வந்தவர்கள் யாரும் அங்கே தொட்டுப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த மூலை வெறும் மூலையாக இல்லாததற்கு அது காரணமாக இருக்கலாம்.

அப்போது அந்த நாவலின் இரண்டாம் பதிப்புக்கு அச்சுப் பிரதி வந்து என் மேஜையில் கிடந்தது. அன்றிரவு பத்துப் பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டுப் பக்கம் போயிற்று. அவற்றின் இடத்தில், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். மீதி இரண்டு பக்கத்தை மூட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.